கூரையில்லாக் காரின் குறையும் நிறையும்

மோட்டார் வண்டி என்பது வெயிலும் மழையும் புழுதியும் நம்மை அண்டாமற் காத்து, வேண்டிய இடத்திற்கு வேண்டிய நேரத்திற் கொண்டு சேர்ப்பதற்கென ஏற்பட்ட சாதனம் என்றே நம்மிற் பெரும்பாலோர் கருதி வருகின்றோம். இக்கருத்தை அடியோடு மறுக்கின்ற ஒரு கூட்டத்தார் உலகிலே உண்டு. அவர்களுடைய கார் வெயிலைத் தடுப்பதில்லை. மழையை ஓரளவுக்கே தடுக்கும். குறித்த நேரத்திற் போய்ச் சேரும் என்பதற்கும் உறுதியில்லை. இருவருக்கு மேல் அதில் ஏற இயலாது. அவ்விருவரும் ஆளுக்கொரு பெட்டியுடன் வருவாராயின், ஒரு பெட்டி வீட்டிலே தங்க வேண்டியதுதான். இவ்வளவு இடர்ப்பட்டும், “அதை விற்றுவிட்டால் என்ன?” என்று நாம் கேட்டால், பெற்ற பிள்ளையை விற்கச் சொன்னது போல அவர்கள் முகம் வாடிவிடும்.

கூரையை மடக்கி வைக்கத்தக்க சிறிய ஸ்போட்ஸ் காரை வைத்திருப்போரையே இங்குக் குறிப்பிடுகின்றோம். இக்கார்கள் செழித்து வளர்ந்த நாடு இங்கிலாந்து. மழைக்கும் மூட்டத்திற்கும் பெயர்போன ஒரு நாடு கூரையில்லாத காரை உலகத்துக்கு ஏன் வழங்கிற்று என்பது ஆராய்ச்சிக்குரியது. எட்டாத கனிக்கே ஏக்கம் மிகுதி போலும்!

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த 1945 ஆம் ஆண்டிலேயே, ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்ற ஊரில் எம்.ஜீ. கம்பனியார் ரி.சி. என்னும் சிறு காரைச் செய்யத் தொடங்கினர். 1949 வரையில் 10,000 கார்களே செய்யப்பட்டன என்றாலும், அமெரிக்கருக்கு இவ்வகைக் காரிலே மோகம் பிறக்க அதுவே போதுமாயிருந்தது. அதன்பின் 1953 இல் ட்ரயம்ப் ரி.ஆர். 2, 1955 இல் எம்.ஜீ.ஏ. என வரிசையாகப் புதியன வந்தன. வரவர அவை பெருத்தன, விலையும் ஏறிற்று. சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் ஓர் இளைஞன் வாங்கத்தக்க கார் ஒன்றும் இல்லாத நிலை தோன்றிற்று. பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தின் தலைவர் சேர் லெனாட் லோட் அக்குறையைத் தீர்க்குமாறு டொனால்ட் ஹீலி என்பவரிடம் கூறினார். ஹீலியார் 1931 இல் மொன்ரி காளோ மோட்டார் ஓட்டத்தில் வெற்றி பெற்றவர். அவரது முயற்சியின் பயனாகிய ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் கார், 1958 மே 20 ஆம் திகதி அதே மொன்ரி காளோவில் உலகுக்குக் காட்டப்பட்டது.

மலிவான காரை ஆக்குவதற்கு ஒரே வழி, பிற கார்களில் உள்ளவற்றை இல்லாமற் செய்வதாகும். ஹீலியார் இவ்விடயத்திற் சிறிதும் தயங்கவில்லை. கதவின் வெளிப்புறத்திற் கைபிடி இல்லை. கையை உள்ளே நீட்டித்தான் திறக்க வேண்டும். பூட்டும் இல்லை. திறந்து கிடக்கும் வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்று எண்ணினார் போலும். ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பக்கத் திரைகள் இருந்தன. பின்புறத்தில் டிக்கி உண்டு, ஆனால் அதற்கு மூடி இல்லை. இருக்கைகளை முன்னே சாய்த்து, அவற்றின் பின்னால் உள்ள இருட்குகையினுள்ளே தலையை நுழைத்துப் பொருள்களைத் தள்ள வேண்டும். மேலதிக ரயரும் அக்குகையின் கோடியிலேயே கிடக்கும். வழியிற் காற்றுப் போனால் மூட்டை முடிச்சுகள் யாவற்றையும் தெருவிற் பரப்பிக் கடை விரித்த பின்னரே அதனை எடுக்கலாம். முன்புறப் பம்பரும் குளிர் போக்கும் சூடாக்கியும் வேண்டுவோர் அவற்றுக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது.

முன்விளக்குகளின் கதை இன்னும் சுவையானது. வேண்டும்போது எழுந்து நிற்பதாயும் வேண்டாதபோது படுத்துக் கொள்வதாயும் அவற்றை அமைக்கவே முதலில் எண்ணியிருந்தனர். அதற்கான பொறிக்குச் செலவு கூடுதலாகும் என்று கண்டதும், விளக்குகளை எழுந்த நிலையிலேயே நிறுத்திவிட்டனர். பொனற்றின் மேலே இரு கண்கள் பிதுங்கி நிற்க, கீழே காற்றுப் புகும் வாய் சிரித்தபடி இருக்க, அக்கார் தவளையின் முகத்தைப் பெற்றது. ஆங்கிலேயர் ‘தவளைக் கண்’ என்றும் அமெரிக்கர் ‘பூச்சிக் கண்’ என்றும் அதற்குப் பெயரிட்டனர். ஏறத்தாழ 49,000 கார்கள் செய்யப்பட்ட பின் 1961 இல் அவ்வடிவம் கைவிடப்பட்டது. அடுத்து வந்தவற்றுக்கு விளக்குகள் முறைப்படி அமைந்தன. டிக்கிக்கு மூடியும் கிடைத்தது. ஆயினும் இன்று பழைய கார் வாங்குவோர் திருத்தமான பிந்திய கார்களிலும் பார்க்கத் தவளைக் கண்ணுக்கே கூடிய விலை கொடுக்கின்றனர். சிக்கனத்தால் வந்த கோணல் சிங்காரமாகி விட்டது.

நம் வாசகர்களுக்கு இக்கார் முற்றிலும் அந்நியமானதன்று. அதன் பொனற்றைத் தூக்கிப் பார்ப்போமாயின் பழைய அறிமுகக்காரர் ஒருவர் அங்கே வீற்றிருப்பார். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அவ்வெஞ்சின், நம் நாட்டிலே ஆசிரியர்களும் வைத்தியர்களும் பிரக்கிராசிமாரும் வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 காரில் 1956 முதற் பூட்டப்பட்ட அதே எஞ்சின்தான். மைனரில் ஒரு காபுரேற்றருடன் 37 குதிரை வலுவைத் தந்தது, ஸ்பிறைற்றில் இரண்டு காபுரேற்றர்களுடன் 43 ஐத் தந்தது. ஸ்ரியறிங் பொறியும் மைனருடையதே. யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைக்காத 1990 களில், சில துளி பெற்றோலைக் காட்டி எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயைக் குடித்தே ஓடிய மொறிஸ் மைனரை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய பொறுமைசாலியான எஞ்சினைச் சுமந்த கார் பந்தயக் குதிரை போலப் பாய்ந்திருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். மணிக்கு 60 மைல் வேகத்தை அது எட்ட ஏறத்தாழ 20 வினாடி வேண்டும். கூடிய வேகம் 80 மைலைச் சற்றே தாண்டும். இக்காலத்துச் சாதாரணக் குடும்பக் காரே அதனை எளிதில் முந்திவிடும்.

அவ்வாறாயின் இன்பம் எங்கிருந்து வருகின்றது? எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் தென்பகுதியிலே தொழில் பார்க்கின்றார். 1959 இற் செய்த தவளைக் கண் ஒன்றை அவர் வைத்திருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியபோது, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே அதில் எம்மை ஏற்றிச் சென்றார். ஏற்றி என்பது பொருத்தமான சொல் அன்று. இறக்கி என்றே சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் இறங்குவதுபோல முதலிற் காலை விட்டு, பின் உடலை மடித்து அமர்ந்தோம். கையைத் தொங்கவிட்டால் விரல் தெருவைத் தொட்டுவிடும் போலிருந்தது.

புறப்பட்டுச் சிறிது நேரத்தில், “எவ்வளவு வேகத்தில் ஓடுகிறோம் என்று நினைக்கிறியள், சேர்?” என்று கேட்டார். எழுபது இருக்கும் என்றோம். முள்ளைப் பார்த்தால் நாற்பதிற்கூட இல்லை. இதிலே மாயம் ஒன்றுமில்லை. நம் கண் நிலத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றதோ அவ்வளவு விரைவாகத் தெரு நம் கீழே ஓடுவதாகத் தோன்றும். ஆகாய விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிலம் நகராததும், கட்டைவண்டியின் அடியில் எட்டிப் பார்க்கும் சிறுவனுக்கு அது பறப்பதும் இதனாலேதான். பெரிய கார்க்காரர் நூறு மைல் ஓடித் தண்டம் கட்டிப் பெறும் பரபரப்பைச் சின்னக் கார்க்காரர் நாற்பதிற் பெற்றுவிடுகின்றார். அன்றியும், வலுக் குறைந்த எஞ்சின் ஆதலால் அதன் முழு வலுவையும் பயன்படுத்தியே ஓட்ட வேண்டும். மேடு வருமுன்னே கியரை மாற்றுதல், வளைவுக்கு முன்னே வேகத்தைக் கணித்தல் யாவும் ஓட்டுநரின் பொறுப்பு. காரின் நிறையோ ஏறத்தாழ 13 அந்தர்தான். ஸ்ரியறிங்கைச் சிறிது அசைத்தால் அக்கணமே மூக்கைத் திருப்பும். கைகால்கள் செய்வதையும் கார் செய்வதையும் பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மற்றோர் இன்பம் மணம். மூடிய காரிலே காட்சி உண்டு, வாசனை இல்லை. வேலிகளிற் பூத்திருந்த வெண்பூக்கள், வெட்டிய புல், பாண் சுடும் வெதுப்பகம், மாட்டுக் கொட்டில், மரநிழலின் ஈரம் ஒவ்வொன்றும் தன் எல்லை தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் மூக்கினால் அறியத் தந்தது. தெருவோரத்திலே நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எம்மைக் கண்டு யாரும் அவ்வாறு மகிழ்ந்ததில்லை. மகிழ்ச்சி தவளைக்கே உரியது என்பதை உணர்ந்து நாமும் சிரித்தோம்.

பின்னர் மழை வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் ஒரு துன்பமும் இல்லை. முன்கண்ணாடியில் மோதும் காற்று மேலெழுந்து, மழையையும் தன்னோடு நம் தலைக்கு மேலாகக் கொண்டு சென்றது. சந்தியிலே சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது, குளித்தோம். ஓரமாக நிறுத்திக் கூரையைப் போட முற்பட்டோம். கூரை என்று சொல்லப்படுவது சில குழாய்களும் ஒரு துணியும். குழாய்களை எடுத்து, பொருத்தி, துணியை விரித்து, முன்புறத்தில் மாட்டி, பின்புறத்தில் இழுத்து, அழுத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். குளிரிலே துணி சுருங்கிவிடும் ஆதலால் இறுதிப் பொத்தான் தன் இடத்தை எட்டவே மாட்டேன் என்று நின்றது. ஒருவர் இழுக்க ஒருவர் அழுத்தி வேலை முடிந்தபோது மழையும் முடிந்திருந்தது. எம் மாணவர் துணியை மீண்டும் கழற்றத் தொடங்கினார். அவரது முகத்திலே வருத்தத்தின் சாயல்கூட இல்லை என்பதுதான் எமக்கு வியப்பளித்தது.

கூரை இல்லாமையால் வரும் பெருந்துன்பம் நனைவதன்று. சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியோடு இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் குழைந்துவிடும். காரும் அப்படியே. மூடிய காரிலே கூரை சுமக்கும் பாரத்தை, திறந்த காரிலே தரையும் கதவுகளின் கீழுள்ள சட்டங்களும் சுமக்க வேண்டியிருக்கின்றன. தெருவின் ஈரமும் குளிர்காலத்திற் பனியை உருக்கத் தூவும் உப்பும் சென்று தங்கும் இடமும் அச்சட்டங்களே. அவை துருவேறி உக்கினால் கதவு சரியாகச் சாத்தாது. அதுவே முதல் அறிகுறி. தெரியாதவர் எவராவது தக்க முட்டுக் கொடாமல் அச்சட்டங்களை வெட்டியெடுத்தாராயின், கார் நடுவிலே தொய்ந்துவிடும். எனவே இத்தகைய காரை வாங்கச் செல்பவர் எஞ்சினின் ஒலியைக் கேட்டு மயங்காது, முழந்தாளிட்டுக் கதவின் அடியைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். எஞ்சினைத் திருத்துதல் எளிது. உடற்கூட்டைத் திருத்துவதற்குள் ஒருவரின் சேமிப்புக் கரைந்துவிடும்.

மின்சார விடயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அக்காலத்து ஆங்கிலக் கார்களுக்கு விளக்குகளும் மின்கருவிகளும் செய்து கொடுத்த கம்பனியாருக்கு, கார்ப் பிரியர்கள் ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் சூட்டியுள்ளனர். இரட்டைக் காபுரேற்றரோ இரட்டை மாடு போன்றது. ஒன்று முந்தினால் வண்டி இழுபடும். றப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை அதன் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே சுருதியிற் சீறும் வரையில் திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பர். வித்துவான் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதை ஒத்த இத்திருப்பணியில் ஞாயிற்றுக்கிழமைகள் பல கழிந்துள்ளன.

துன்பங்களை எல்லாம் அடுக்கிக் காட்டினால், கார்க்காரர் எம்மைப் பார்த்து நகைப்பர். ஊடல் இல்லாவிட்டாற் கூடலிற் சுவையேது என்பது அவர்களுடைய வாதம். கார் சில நாள் பிணங்கிக்கொண்டு புறப்பட மறுப்பதனாலேயே புறப்படும் நாள் திருநாளாகின்றது என்பர். கேட்பதற்கு அழகான வாதந்தான். ஆனால் நாம் அதனை ஏற்பதற்கில்லை. ஏனெனில் ஜப்பானியர் அதனைப் பொய்யாக்கிக் காட்டிவிட்டனர்.

எம்.ஜீ.பி. என்ற புகழ்பெற்ற கார், 1962 முதல் 1980 வரையில் ஐந்து இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டும், 1980 ஒக்ரோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. கூரையில்லாச் சிறுகாரின் காலம் முடிந்ததென்றே பலரும் கருதினர். பொப் ஹோல் என்னும் அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர் ஒருவர் மாத்திரம், பழைய ஆங்கிலக் காரைப் போன்ற ஒன்றைச் செய்யுமாறு மஸ்டா கம்பனியாரைத் தூண்டினார். அதன் விளைவாகிய எம்.எக்ஸ். 5 என்னும் கார் 1989 பெப்ரவரியிற் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்தது. அதனைச் செய்த பொறியியலாளர் வைத்துக்கொண்ட குறிக்கோள், ‘குதிரையும் வீரனும் ஓருடல்’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்றொடர். அவர்கள் நிறையைக் குறைத்தனர், இருக்கையைத் தாழ்த்தினர், கியரின் தண்டு கைக்குள் அடங்கி விரைந்து மாறும்படி செய்தனர். அதேவேளையில், திருகாணி திருப்பாமலே தினமும் புறப்படும் எஞ்சினையும், அமர்ந்தபடியே ஒரு கையாற் பின்னே தள்ளிவிடத்தக்க கூரையையும் வைத்தனர். இன்பம் ஒரு துளியும் குறையவில்லை. 2016 ஏப்ரலிற் பத்து இலட்சமாவது கார் செய்து முடிக்கப்பட்டது.

ஆகவே, ஹீலியார் விட்டுவைத்தவற்றில் இரு வகை உண்டென்பது தெளிவாகின்றது. பாரத்தையும் பகட்டையும் விட்டதனால் வந்தது இன்பம். கைபிடியையும் நல்ல கூரையையும் விட்டதனால் வந்தது தொல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வணங்குவது பழகிய பக்தியேயன்றி வேறில்லை. மஸ்டாவும் குற்றமற்ற தெய்வமன்று. கூரை மடிந்து கிடக்கும் இடத்தில் மழைநீர் வடியும் துவாரங்கள் இலைதழையால் அடைபடுமாயின், பழைய கார்களிலும் அதே கீழ்ச்சட்டங்கள் அதே துருவினால் உக்குகின்றன. சப்பாத்துப் பெட்டியின் நியாயம் ஜப்பானுக்கும் பொது.

நீக்க முடியாத குறைகளும் உண்டு. கவிழ்ந்தால் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. புதிய கார்களில் இருக்கைக்குப் பின்னால் இரும்பு வளைவுகளும், வலுவான கண்ணாடிச் சட்டமும் உள்ளன. 1958 ஆம் ஆண்டுக் காரில் அவை இல்லை. பாரவண்டிகள் பாய்ந்தோடும் பெருந்தெருவில் அதன் சில்லின் உயரத்திற்கு நம் தலை இருக்கும். நம் நாட்டுக்கு அக்கார் ஏற்றதா என்று கேட்பாருமுண்டு. விடியற்காலையில் ஒரு மணி நேரமும், நுவரெலியாப் பக்கத்தில் மழையில்லாத பொழுதுகளும் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். இறக்குமதித் தீர்வையைக் கேட்டால் வெயிலே தேவலை.

யாவற்றிலும் பெரிய குறை இருக்கை இரண்டே என்பது. எம் மாணவர் மணமாகாத காலத்தில் அக்காரை வாங்கினார். மனைவி வந்தபோது இரண்டாவது இருக்கை நிறைந்தது. மகன் பிறந்தபோது அக்கேள்வி வீட்டுக்குள் புகுந்தது. இத்தகைய கார்களை விற்க வருவோர் பலர் காரணமாகக் காட்டுவது குழந்தையைத்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அக்காரில் ஓடுவது பெற்றோர் செய்யத்தக்கதன்று. மனைவி அதற்கு ஒருநாளும் இணங்கவில்லை. அவருடைய முடிவே சரியானது. ஆயினும் விற்கச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிறு தோறும் ஒருவர் பிள்ளையோடு வீட்டில் நிற்க, மற்றவர் தனியே ஒரு சுற்றுப் போய் வருவது என்று முறை வகுத்துக்கொண்டனர். இருவருக்கென்று செய்த காரில் ஒருவரே போவதும், கையசைக்கும் மகனைப் படலையடியில் விட்டுச் செல்வதும் மகிழ்ச்சி தரவில்லை என்று அவர் எமக்கு எழுதினார்.

அவ்வேளையில் அவருடைய தாயார் சுன்னாகத்திலிருந்து பேரனைப் பார்க்கச் சென்றிருந்தார். காரின் உருவத்தைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்தவர், அது முதலாம் கியரில் முனகிக்கொண்டு புறப்பட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “தம்பி, இது எங்கட ஐயாவின்ர மொறிஸ் மைனர்ச் சத்தமெல்லோ!” என்றாராம். அந்த மைனரிலே தாம் பள்ளிக்கூடம் போனதும், பின் இருக்கையில் சகோதரரோடு நெருங்கியிருந்து கீரிமலைக்குப் போனதும் என்று அன்று முழுவதும் அதே பேச்சு.

அப்பேச்சிலிருந்தே ஒரு வழியும் பிறந்தது. மொறிஸ் மைனரிலும் கூரையை மடக்கும் வகை ஒன்று உண்டு. 1948 முதல் 1969 வரையில் அதனைச் செய்தனர். எஞ்சின் தவளைக் கண்ணுக்கு உறவு, இருக்கைகளோ நான்கு. மனைவி விளம்பரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டியுள்ளார். எம் மாணவரின் கவலை, அது ஸ்போட்ஸ் கார் ஆகாதே என்பது. வளைவுகளில் அது சாயும் என்றும், இருக்கை உயரம் என்றும், தவளையை விற்றாலன்றி அதனை வாங்க இயலாது என்றும் மூன்று பக்கத்தில் எழுதி எமது கருத்தைக் கேட்டிருக்கின்றார். முழந்தாளிட்டுக் கதவின் அடியைத் தட்டிப் பார்த்த பின் எழுதும்படி பதில் அனுப்பியுள்ளோம். தாயாரின் வாக்கு எப்பக்கம் என்று நாம் விசாரிக்கவில்லை, அது தெரிந்ததே.